அபாய காலத்து வானொலித் தொண்டர்

வெள்ளம், புயல், நிலநடுக்கம் முதலிய உற்பாதங்களால் ஓர் ஊர் தாக்குண்டபொழுது, அவ்வூருக்கும் புறத்துலகுக்கும் இடையேயுள்ள செய்தித் தொடர்பு முதற்கண் அறுந்துபோதல் வழக்கமாயிருக்கின்றது. உணவும் மருந்தும் படகும் அண்டையூரிற் குவிந்திருந்தும், எவ்விடத்தில் எவருக்கு எது வேண்டுமென்று சொல்வாரின்மையால், அவை கிடந்தவிடத்திலேயே கிடக்க நேர்வதுண்டு. இக்குறையை ஒருவாறு தீர்ப்பதற்கென்று, ஊதியம் ஒன்றுங் கருதாது, தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு வானொலிக் கருவிகளை அமைத்துப் பயின்றுவரும் தொண்டர் கூட்டம் உலகிற் பல நாடுகளில் இருக்கின்றது. அவர்களை ஹாம் என்றும், அமெச்சூர் வானொலியாளர் என்றும் வழங்குவர். அவர்கள் எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கின்றனர், ஆபத்துக் காலத்தில் எம்முறையில் வேலைசெய்கின்றனர் என்பவற்றை, இத்துறையில் நெடுநாட் பழக்கமுள்ள அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஏற்பாட்டை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்கக் கருதுகின்றோம்.

கையிற் கைப்பேசியும் வானிற் செயற்கைக்கோளும் உள்ள இந்நாளில் இப்பழங் கருவிக்கு என்ன வேலையென்று மாணாக்கர் சிலர் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. கைப்பேசியும் ஒரு வானொலிக் கருவிதான். ஆயினும் அது மற்றொரு கைப்பேசியோடு நேரே பேசுவதில்லை. அருகிலுள்ள கோபுரத்தோடு பேசுகின்றது. கோபுரம் மண்ணுக்குள் ஓடும் கண்ணாடியிழை வழியாகவோ நுண்ணலை வழியாகவோ தலைமை நிலையத்தோடு பேசுகின்றது. நிலையம் மற்றொரு கோபுரத்தைத் தேடிப் பிடிக்கின்றது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அற்றாலும், இரு முனையிலுமுள்ள கருவிகள் பழுதின்றியிருந்தும் பயனில்லை. மின்சாரம் நின்றபின் கோபுரத்தின் மின்கலங்கள் சில மணி நேரமே தாங்கும். அவை தாங்கினும், ஊரார் அனைவரும் ஒரே நாழிகையில் உறவினரை அழைக்கப் புகுவதால் வழி அடைபட்டுப்போகும். ஹாம் வானொலியிலோ ஒவ்வொரு நிலையமும் தன்னளவில் முழுமையுடையது. மோட்டார் வண்டியின் மின்கலம் ஒன்று, மேசைமேல் வைக்கத்தக்க கருவி ஒன்று, இரு மரங்களுக்கிடையே கட்டிய செம்புக்கம்பி ஒன்று ஆகிய இம்மூன்றும் இருப்பின் இருநூறு மைலுக்கு அப்பாலுள்ளவனோடு பேசலாம். நடுவே எவருடைய கோபுரமும் வேண்டுவதில்லை.

இத்தொண்டின் தோற்றத்தை ஆராயின், ஒரு சிறு ஏமாற்றத்திலிருந்து அது பிறந்ததென்று காண்கின்றோம். 1914-ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்போர்டு நகரில் வாழ்ந்த ஹைரம் பெர்ஸி மாக்ஸிம் என்னும் பொறியியலறிஞர், சுமார் 30 மைல் தொலைவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரத்து அன்பர் ஒருவருக்குக் கம்பியில்லாத் தந்தியில் ஒரு செய்தி அனுப்ப முயன்றார். அவருடைய கருவி அந்நாளுக்கு வலியதாயிருந்தும் செய்தி சென்று சேரவில்லை. இடைவழியிலுள்ள விண்ட்ஸர் லாக்ஸ் என்னும் ஊரில் தமக்குத் தெரிந்த மற்றொருவர் இருப்பது நினைவுக்கு வரவே, அவரைக்கொண்டு செய்தியை வாங்கி அப்பாற் செலுத்துவித்தார். இருவர்க்கிடையே மூன்றாமவர் ஒருவர் நின்று முப்பது மைலைக் கடப்பிக்கக்கூடுமாயின், நாடெங்கும் நூற்றுக்கணக்கானவர் நின்று மூவாயிரம் மைலைக் கடப்பிக்கலாகாதோ என்று அவர் எண்ணினார். அவ்வாண்டே கிளாரன்ஸ் டஸ்கா என்னும் இளைஞரோடு கூடி அமெரிக்க ரேடியோ ரிலே லீக் என்ற சங்கத்தை நிறுவினார். ரிலே என்பது கைமாற்றிச் செலுத்துதல். முற்காலத்தில் நம் நாட்டுத் தபால் ஓட்டக்காரன் தன் எல்லைமட்டும் ஓடி, அங்குக் காத்துநின்ற அடுத்தவனிடம் பையை ஒப்புவித்துத் திரும்பினானன்றோ? அதனை ஒத்ததே இதுவும். ஆயின் ஓட்டக்காரன் பையைப் பிரித்துப் பார்க்கவேண்டியதில்லை. வானொலிக்காரனோ செய்தியைச் சொற்சொல்லாக வாங்கி, மீண்டும் சொற்சொல்லாகக் கொடுக்கவேண்டியிருக்கின்றது. இவ்வேற்றுமையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. இச்சேவையின் அருமையும் இடருமெல்லாம் இதிலேதான் அடங்கியிருக்கின்றன.

சங்கம் தோன்றுவதற்கு ஓராண்டு முன்னரே, 1913-ல் அந்நாட்டின் மத்திய மேற்குப் பகுதியைப் பெருவெள்ளம் சூழ்ந்தபொழுது, ஒஹையோ, மிச்சிகன் மாகாணப் பல்கலைக்கழகத்து மாணாக்கர்களுடைய தந்தி நிலையங்கள் தொடர்பற்ற ஊர்களுக்குச் செய்தி வழியாய் நின்றன. அஃது எவரும் முன்னர் வகுத்துவைத்த ஏற்பாடன்று. கருவி இருந்தது, ஆபத்து வந்தது, கருவியுடையோர் உதவினர். அதன்பின் இருபது ஆண்டுகளாக அத்தகைய உதவிகள் ஆங்காங்கு நிகழ்ந்துகொண்டேயிருந்தன. அவ்வக்காலத்து நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாதென்று உணர்ந்தே, 1935-ல் சங்கத்தார் அமெச்சூர் வானொலி அவசரப் படை என்ற பெயரால் தொண்டர்களைப் பதிவுசெய்யத் தொடங்கினர். மறுவருஷமே, 1936 மார்ச்சு மாதத்தில், பென்ஸில்வேனியா முதலிய வடகிழக்கு மாகாணங்களில் வெள்ளம் பெருகிற்று. 1937 ஜனவரியில் ஒஹையோ ஆறு கரைபுரண்டு பிட்ஸ்பர்க் முதல் கெய்ரோ வரையுள்ள ஊர்களை மூழ்கடித்தது. இவ்விரு வெள்ளங்களிலும் அத்தொண்டர்கள் இரவு பகல் பாராது உழைத்தனர். 1937-ல் வெள்ளத் தொடர்பான செய்திகளன்றிப் பிறவற்றைக் குறித்த அலைவரிசைகளிற் பேசலாகாதென்று அரசாங்கமே அமெச்சூர்களுக்குக் கட்டளையிட்டதென்றால், அவ்வேலை எத்துணைப் பொறுப்புடையதாகக் கருதப்பட்டதென்று அறியலாம்.

யுத்தம் வந்தபொழுது நிலைமை மாறிற்று. 1941 டிசம்பரில் அமெரிக்கா போரிற் புகுந்தவுடன் அமெச்சூர் நிலையங்கள் மூடப்பட்டன. ஆயினும் 1942-ல் யுத்தகால அவசர வானொலிச் சேவை என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டு, அதில் அவர்களுட் பலர் பணியாற்றினர். போர் முடிந்தபின் 1949-ல் தேசியச் செய்திப் போக்கு முறையும், 1952-ல் குடிமக்கள் பாதுகாப்புக்கென்று அரசாங்கத்தோடு இணைந்த மற்றொரு சேவையும் தோன்றின. முன்கூறிய அவசரப் படையே பெயர் மாறி இந்நாளில் அமெச்சூர் வானொலி அவசரச் சேவை என வழங்குகின்றது.

இனி அதன் அமைப்பைக் கூறுவோம். சங்கத்தார் நாட்டை எழுபதுக்கு மேற்பட்ட பகுதிகளாக வகுத்திருக்கின்றனர். ஒவ்வொரு பகுதிக்கும் உறுப்பினரால் தேர்ந்தெடுக்கப்பட்ட மேலாளர் ஒருவர் உளர். அவர் அவசர வேலைக்கென்றே ஒருவரை நியமிக்கின்றார். அவருக்குக் கீழே சில ஜில்லாக்களைச் சேர்த்துப் பார்ப்பவரும், அவருக்குங் கீழே ஒரு ஜில்லாவை அல்லது நகரத்தை மட்டும் பார்ப்பவருமாகப் பொறுப்பு இறங்கிவருகின்றது. இவர்களுள் கடைசியிற் கூறப்பட்ட உள்ளூர் அமைப்பாளரே உண்மையில் இச்சேவையின் உயிர்நாடி. தம் ஊரில் உரிமம் பெற்றவர் எத்தனைபேர், அவர்களுள் மின்சாரமின்றியும் இயங்கத்தக்க கருவியுடையோர் எவர், பகலில் வேலையை விட்டு வரக்கூடியோர் எவர், வண்டியுடையோர் எவர், முதுமையாலோ நோயாலோ வெளியே வரமாட்டாது வீட்டிலிருந்தே உதவவல்லோர் எவர் என்னும் விவரமெல்லாம் அவர் ஏட்டில் இருக்கவேண்டும். ஊர் ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், செஞ்சிலுவைச் சங்கம், இரட்சணிய சேனை முதலியவற்றின் அதிகாரிகளை அமைதிக் காலத்திலேயே கண்டு, எங்கள் தொண்டு உங்களுக்கு எவ்வாறு பயன்படும் என்று கேட்டு, எழுத்து மூலமாக உடன்பாடு செய்துகொள்ள வேண்டியதும் அவர் கடனே. (இரட்சணிய சேனைக்கென்றே 1988 முதல் தனி வானொலித் தொண்டர் குழு ஒன்றும் அந்நாட்டில் இருக்கின்றது.)

இச்சந்திப்பு வெறும் உபசாரமன்று. புயலடித்த இரவில் முன்பின் அறியாத ஒருவன் தோளிற் கம்பிச்சுருளும் கையில் ஒரு பெட்டியுமாக ஆஸ்பத்திரி வாயிலில் வந்து நின்றால், அவனை வாயிற்காவலன் உள்ளே விடான், விடாதது தவறுமன்று. அழைப்பின்றித் தாமே புறப்பட்டுச் செல்லுதல் இச்சேவையிற் பெருங்குற்றமாக எண்ணப்படுகின்றது. அவ்வாறு செல்வோர் உணவும் நீரும் குறைந்த இடத்தில் தாமும் உணவும் நீரும் வேண்டுவோராகின்றனர். உதவப்போனவனையே மற்றொருவன் காப்பாற்ற நேரின் அதனை உதவி என்று எவ்வாறு கூறுவது? ஆதலால் தொண்டர் முதலிற் செய்வது தம் குடும்பத்தின் நலத்தைப் பார்த்தல். பின்பு தம் கருவியைத் திறந்து அமைப்பாளரின் சொல்லுக்குக் காத்திருத்தல். காத்திருப்பதே இத்தொண்டில் மிகக் கடினமான பகுதியென்று அநுபவமுடையோர் கூறுவர்.

வேலை தொடங்கியபின் நிலையங்கள் யாவும் ஒரே அலைவரிசையிற் கூடுகின்றன. இக்கூட்டத்தை வலை என்பர். ஒரே அலையில் இருவர் ஒரேபொழுதிற் பேசினால் எவருடைய பேச்சும் விளங்காது. ஆகையால் வலைக்குத் தலைமை நிலையம் ஒன்று நியமிக்கப்படுகின்றது. அந்நிலையத்தார் விளிக்குமுன் எவரும் வாய் திறத்தலாகாது. தம்மிடம் செய்தி இருப்பின் தம் அழைப்புக்குறியையும், செய்தியின் தரத்தையும், அது செல்லவேண்டிய இடத்தையும் மட்டுஞ் சொல்லி நிற்றல்வேண்டும். தலைமை நிலையத்தார் அவற்றைக் குறித்துக்கொண்டு, எது முதலிற் செல்லத்தக்கது என்று தீர்மானித்து, நீவிர் இன்னாரோடு பேசுக என்று ஏவுகின்றார். செய்தி நீண்டதாயின் அவ்விருவரையும் வேறோர் அலைக்கு அனுப்பிவிடுவார். வகுப்பில் நல்லாசிரியர் ஒருவர் நாற்பது பிள்ளைகளை ஆளும் முறையை இஃது ஒத்திருக்கின்றது. இத்தலைமைக்குக் குரல் வலிமையைக் காட்டிலும் பொறுமையே வேண்டும். ஒருவரே நெடுநேரம் இருந்தால் கவனம் தளருமாதலால், சில மணிக்கொருமுறை ஆளை மாற்றுவதும் வழக்கம்.

உள்ளூர் வலை பெரும்பாலும் குன்றின்மேல் நிறுவிய மறுபரப்பு நிலையத்தைக்கொண்டு, இரண்டு மீட்டர் அலையில் நடைபெறும். அவ்வலை ஒளியைப்போல நேரே செல்வதாகையால் தொலை செல்லாது. ஜில்லாவைக் கடந்து செல்லவேண்டிய செய்திக்கு 40 மீட்டர், 80 மீட்டர் அலைகள் பயன்படுகின்றன. இவ்வலைகள் பூமிக்குமேல் அறுபது மைல் முதலான உயரங்களில் உள்ள மின்னணுப் படலத்தில் மோதித் திரும்பும் இயல்புடையன. பகலில் 40 மீட்டரும் இரவில் 80 மீட்டரும் ஏற்றவை என்பது பொதுவிதி. இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. கடல் கடந்து பேச விரும்புவோர் தம் வான்கம்பியை எவ்வளவு உயர்த்தக்கூடுமோ அவ்வளவு உயர்த்துவர். அடுத்த ஜில்லாவோடு பேச விரும்புவோரோ பன்னிரண்டு அடி, பதினைந்தடி உயரத்தில் தாழக் கட்டுவர். தாழக் கட்டிய கம்பியிலிருந்து அலை நேர்மேலே ஏறி, குடைபோல விரிந்து, சுற்றிலும் இருநூறு முந்நூறு மைலுக்குள் விழுகின்றது; மலை நடுவே நிற்பினும் தடையாவதில்லை. ஆகவே புயலில் முறிந்த மரத்தின் எஞ்சிய அடிமரமும் இவ்வேலைக்குப் போதும்.

செய்தி எழுதும் முறையே இச்சேவையின் இலக்கணம். அதற்கென்று அச்சிட்ட படிவம் உண்டு. அதன் தலைப்பில் செய்தியின் எண், தரம், அதனை முதலில் ஏற்ற நிலையம், சொற்களின் தொகை, புறப்பட்ட ஊர், நேரம், தேதி என்பன வரிசையாக வரும். அதன்கீழ் பெறுவோர் முகவரி, அதன்கீழ் செய்தி, முடிவிற் கையொப்பம். செய்தி இருபத்தைந்து சொற்களுக்கு மேற்படாதிருத்தல் நன்று. தரம் நான்கு: உயிருக்கு ஆபத்தானவை அவசரம், காலக்கெடுவுடையவை முதன்மை, உற்றார் நலம்பற்றியவை நலச்செய்தி, ஏனையவை சாதாரணம். இவற்றுள் சொற்தொகை என்பது எளிய உபாயமாயினும் மிகக் கூரியது. வாங்குவோன் தான் எழுதியவற்றை எண்ணிப் பார்க்கின்றான். தலைப்பில் பதினெட்டென்று இருக்கத் தன்னிடம் பதினேழே இருப்பின், ஒரு சொல் காற்றிற் போயிற்றென்று அப்பொழுதே தெரிந்துகொண்டு மீண்டும் கேட்கின்றான். நான்கு கை மாறியும் செய்தி சிதையாதிருப்பதற்கு இதுவே காவல். திரும்பத் திரும்ப வரும் செய்திகளுக்கு எண்களும் வகுத்திருக்கின்றனர். ஒன்று என்னும் எண்ணை அதற்குரிய அடையாள எழுத்துகளோடு அனுப்பினால், இங்கு யாவரும் நலம், கவலற்க என்பது அதன் பொருள். ஆயிரம் குடும்பங்கள் அதே செய்தியை அனுப்ப விரும்பும் நாளில் இச்சுருக்கத்தின் அருமை விளங்கும்.

எழுத்துகளைச் சொல்லும்பொழுது ஆல்பா, பிராவோ, சார்லி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லை வைத்துக் கூறுவதும், எண்களை இலக்கம் இலக்கமாகக் கூறுவதும் கட்டாயம். இவ்விதியை இதனை எழுதுவோன் முதலில் அற்பமாக எண்ணியதுண்டு. பல ஆண்டுகளுக்குமுன் நண்பர் சிலரோடு தமிழிற் பயிற்சி நடத்திய ஒரு மாலையில், கற்பனையான முகாமொன்றுக்கு அறுபது கம்பளம் வேண்டுமென்று வந்த செய்தியை எழுபது என்று எழுதி அடுத்தவருக்குக் கொடுத்தேன். அவரோ தொண்ணூறு என்ற மற்றோர் எண்ணைத் தொள்ளாயிரம் என்று வாங்கினார். இரைச்சலிடையே அறுபதும் எழுபதும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. ஆறு, சுழி என்று சொல்லியிருந்தால் பிழை நேர்ந்திராது. பயிற்சியாதலின் எவருக்கும் தீங்கில்லை. ஆயினும் எண்ணூற்றுப்பத்து என்னும் வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபொழுது எங்களுள் எவரும் சிரிக்கவில்லை.

தரவரிசையைப்பற்றி மேலும் ஒரு சொல். ஓர் ஊர் அழிந்ததென்று கேள்விப்பட்டவுடன் உலகின் எப்பக்கத்திலிருந்தும், என் தாய் எங்கே, என் மகன் உயிரோடிருக்கின்றானா என்னும் வினாக்கள் வந்து குவியும். அவற்றின் துயரம் எவர் நெஞ்சையும் உருக்கும். எனினும் பழகிய தொண்டர்கள் அவ்வினாக்களை முதல் நாட்களில் வெளியிலேயே நிறுத்திவைக்கின்றனர். உள்ளிருந்து வெளியே செல்லும் செய்திக்கே முதலிடம். இது கல்நெஞ்சென்று தோன்றும். ஆராய்ந்து பார்த்தால் கணக்கே இதற்குக் காரணமென்பது புலனாகும். உள்ளே வரும் ஒரு வினாவுக்கு விடை காண ஒருவன் இடிந்த தெருக்களிற் பல மணி நேரம் அலையவேண்டும். விடை கிடைப்பதும் உறுதியில்லை. முகாமில் இருப்பவன் தானே எழுதிக்கொடுக்கும் நலச்செய்தியோ ஒரு நிமிஷத்தில் வெளியே போய்விடும். போனவுடன் அவனைப்பற்றிய பத்து வினாக்கள் கேட்கப்படாமலே ஒழியும்.

இவையெல்லாம் ஆபத்து நாளிற் கற்கத்தக்கன அல்ல. ஆகையால் 1933-ல் தொடங்கிய வழக்கப்படி, இந்நாளில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தின் நான்காவது முழு வாரக்கடைசியில் களநாள் என்று ஒரு பெரும் பயிற்சி நடந்துவருகின்றது. தொண்டர்கள் வயல்வெளியிலும் பூங்காவிலும் கூடாரமடித்து, ஊர் மின்சாரத்தைத் தொடாமல், மின்கலம், சிறு ஜெனரேட்டர், சூரிய ஒளித்தகடு ஆகியவற்றைக்கொண்டு இருபத்துநான்கு மணி நேரம் இடைவிடாது தொடர்புகொள்கின்றனர். இதிற் பந்தயமும் விருந்தும் கலந்திருத்தலால், பயிற்சியென்னும் நினைவின்றியே பயிற்சி ஆகிவிடுகின்றது. இலையுதிர் காலத்தில் வேறொரு சோதனை உண்டு. அதில் கற்பனையான புயலோ நிலநடுக்கமோ வகுக்கப்பட்டு, உண்மையான படிவங்களில் செய்திகள் அனுப்பப்படும். நூறு வாட் கருவி பேசும்பொழுது பன்னிரண்டு வோல்ட் மின்கலத்திலிருந்து இருபது ஆம்பியர் வரை இழுக்கும். கேட்டுக்கொண்டிருக்கையில் ஓரிரண்டு ஆம்பியரே வேண்டும். தன் மின்கலம் எத்தனை மணி தாங்குமென்பதைக் காகிதத்திற் கணக்கிட்டறிந்தவன் ஒருவன். நள்ளிரவில் விளக்கு மங்கியபொழுது அறிந்தவன் மற்றொருவன். களநாள் இவ்விரண்டாம் வகை அறிவைத் தீங்கின்றித் தருகின்றது.

எத்துணை முன்னேற்பாடு இருப்பினும் நிகழ்வது வேறாயிருக்கும் என்பதற்கு 2017-ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்று சான்று. அவ்வாண்டு செப்டம்பர் 20-ல் மரியா என்னும் புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கி, மின்சாரத்தையும் தொலைபேசியையும் ஒருங்கே வீழ்த்திற்று. செஞ்சிலுவைச் சங்கத்தார் ஐம்பது வானொலியாளர் வேண்டுமென்று ரிலே லீக்கைக் கேட்டனர். முடிவில் இருபத்திரண்டு பேர் அனுப்பப்பட்டு ஏறக்குறைய மூன்று வாரம் தங்கினர். பிழைத்திருப்போர் பெயர்களைத் திரட்டிச் செஞ்சிலுவையின் பதிவேட்டிற் சேர்ப்பிப்பதே அவர்களுக்கு முதலில் இட்ட வேலை. அங்குச் சென்றபின்னரோ ஆஸ்பத்திரிகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லுதல், மின்சார வாரியத்து வேலையாட்களுக்கு அவர்கள் தலைமையிடத்திலிருந்து கட்டளை சேர்ப்பித்தல் முதலிய பணிகளையும் மேற்கொள்ள நேர்ந்தது. மின்கம்பியைச் சீர்செய்வோர்க்கே பேச்சுவழி இல்லாதபொழுது மின்சாரம் திரும்புவது எங்ஙனம்? நீர்த்தேக்கத்திலும் மின்நிலையத்திலும் நின்றவர்களோடு பேச வானொலி உதவிற்று. வகுத்த வேலையைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், வந்த வேலையை ஏற்று, ஆயினும் பொறுப்பாளருக்கு அறிவித்தே செய்தது அவர்கள் பயிற்சியின் பலன் என்று கருதுகின்றோம்.

நம் நாட்டவர்க்கு இவ்விஷயத்தில் மறக்கலாகாத நாள் 2004 டிசம்பர் 26. ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிலையத்தின் சார்பாக, பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் குழுவினரும் அம்மாதத் தொடக்கம்முதல் அந்தமான் தீவில் போர்ட் பிளேயரில் தங்கியிருந்தனர். அபாயத்தைக் கருதி அவர்கள் செல்லவில்லை. அத்தீவிலிருந்து ஹாம் நிலையங்கள் பேசி நெடுங்காலமாயிற்றாகலின், உலகெங்குமுள்ள அன்பர்கள் அதனோடு ஒருமுறையேனும் தொடர்புகொள்ள ஆவலுற்றிருந்தனர். அவ்வாவலைத் தீர்க்கவே சென்றனர். அன்று காலை இந்திய நேரம் ஆறரை மணியளவில் சுமத்ராக் கடலடியில் நிலம் நடுங்கிற்று. தொலைபேசிகள் செயலற்றன. அம்மையாருடைய வானொலியோ இயங்கிற்று. விளையாட்டாய்த் தொடங்கிய நிலையம் அக்கணமே அரசாங்கத்துக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்தி வழியாக மாறிற்று. குழுவினர் கார் நிக்கோபாரிலும் ஒரு நிலையம் அமைத்தனர். தீவிற் சிக்குண்டவர்களுடைய நலச்செய்திகள் அவ்வழியே நாட்டுக்கு வந்து, அங்குள்ள ஹாம் அன்பர்களால் அவரவர் இல்லங்களுக்கு அறிவிக்கப்பட்டன.

அதே நாளில் இலங்கையின் தென்கரையும் அழிந்தது. இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலகாவும் அவர் நண்பர்களும் அம்பாந்தோட்டைக்கு ஒரு குழுவை அனுப்பி, அங்கிருந்து கொழும்பிற் பிரதம மந்திரியின் மாளிகையில் அமைந்த நிலையத்தோடு சிற்றலையில் தொடர்பு உண்டாக்கினர். மின்கலத்தால் இயங்கிய சிறு கருவிகளே அவ்வேலையைச் செய்தன.

அந்தமானில் குழு இருந்தது தற்செயல். அவர்கள் ஒரு மாதம் முந்திச் சென்று திரும்பியிருப்பின், அன்றைய காலையில் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். உள்ளூரிலேயே பதிவுபெற்ற தொண்டர் பத்துப்பேர் இருந்தால் தற்செயலை நம்பவேண்டியதில்லை என்பதே அமெரிக்கர் 1935-ல் கண்ட முடிவு.

இச்சேவைக்குக் குறைகளும் உள. இவ்வலைகளிற் பேசுவதை எவரும் கேட்கலாம். பொருளை மறைத்துப் பேசுதலைச் சட்டம் தடுக்கின்றது. ஆகவே இறந்தோர் பெயரை அவ்வழியே அனுப்புதல் தகாது. ஒரு தாய் தன் மகன் இறந்ததை அயலான் பெட்டியிலிருந்து கேட்கலாகாதன்றோ? வேகமும் குறைவு, நூறு சொல்லை நான்கு கை மாற்றிச் சேர்ப்பதற்குள், வழி சரியாயிருக்குங்கால், கைப்பேசி ஆயிரம் செய்தி அனுப்பிவிடும். கணிப்பொறியை வானொலியோடு இணைத்து எழுத்துச் செய்தி அனுப்பும் முறைகள் வந்தபின் இக்குறை ஓரளவு நீங்கியிருக்கின்றது. மற்றொன்று மனிதர்பற்றியது. கருவியில் ஆசையுடையோர் பலர். படிவத்தில் ஆசையுடையோர் சிலர். புதிய கருவி ஒன்று வந்தால் கூட்டம் நிறையும். செய்தி எழுதும் பயிற்சியென்றால் நாற்காலிகளே கேட்டுக்கொண்டிருக்கும். எந்நாட்டிலும் அமைப்பாளர்கள் முறையிடும் குறை இதுவேயாம்.

நம் நாட்டில் இதற்கு உரிமம் தருவது மத்திய அரசாங்கத்தின் தொலைத்தொடர்புத் துறை. பன்னிரண்டு வயது நிரம்பிய எவரும் தேர்வெழுதலாம். வானொலிப் பௌதிகத்தின் முதற்பாடங்களும், போக்குவரத்து விதிகளும், மேல்வகுப்பு உரிமத்துக்கு மோர்ஸ் எழுத்தும் தேர்வுக்குரியன. கல்விச்சாலைகளும் தம் பெயரால் நிலைய உரிமம் பெற விதியில் இடமுண்டு. பௌதிக வகுப்பு மாணாக்கர்க்கு முதற்பகுதி கடினமாயிராது.

உரிமம் வருமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாணவர் விடுதியில் எழுவர் ஏழு அறைகளில் அமர்க. முதல்வர் இருபது சொல்லில், இரண்டு எண்ணும் ஓர் ஊர்ப்பெயரும் வருமாறு ஒரு செய்தி எழுதி, சொற்தொகையைத் தலைப்பிலிட்டு, மூடிய கதவுக்கு வெளியே நின்று அடுத்தவருக்கு வாய்மொழியாகச் சொல்லுக. அவர் எழுதி, எண்ணிப் பார்த்து, மூன்றாமவருக்குச் சொல்லுக. ஏழாமவர் தாளை முதல்வர் தாளோடு ஒட்டிவைத்துப் படித்துப் பார்க்கலாம்.